குறிப்பேட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியாயிற்று:
செவ்வாய், மாலை ஏழு மணி. வந்தோர் பதினேழு.
வர இயலாமைக்கு வருந்தியோர் மூவர்.
வருந்தாதோர் கணக்கில் இல்லை.

இந்தப் பக்கம் தமிழில்.
எங்கள் சேவைச் சங்கத்தில் இதைப் படிக்கக்கூடியவர்
என்னை விட்டால் பொருளாளர் சாகரன் மூட்லி.
அவர் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள்
அடுத்த தேர்தல் வந்துவிடும்.

டொங்காட்டில் அன்று கரும்பு எரித்தார்கள்.
சன்னலைச் சாத்தியும் கறுப்புத் துகள் நுழைந்து
சமோசாத் தட்டில் உட்கார்ந்தது.
ஊதிவிட்டுத் தின்றோம்.

இந்த ஆண்டு வந்த பேச்சாளர்கள்:
தேனீ வளர்ப்பவர் ஒருவர், பேசியதைவிட விற்றது அதிகம்.
ஓய்வுபெற்ற நீதிபதி, விழித்திருந்தோர் நால்வர்.
வரி பற்றி ஒருவர். கொழுப்பு பற்றி ஒருவர்,
அன்று பார்த்து நெய்ச்சோறு.
எல்லோருக்கும் இருபது நிமிடம், ஒரு கைதட்டல்,
வெல்வெட் பெட்டியில் ஒரு பேனா.

அன்றைக்கு சோட்வா செலே, ஹம்பனாத்தியிலிருந்து.
"ஊனமுற்றோர் நலன் குறித்து உரையாற்றுவார்" என்று
தலைவர் பாதயாச்சி அட்டையைப் பார்த்து வாசித்தார்.
உரை எதுவும் கொண்டுவரவில்லை அவர்.
சக்கர நாற்காலி ஒன்றைத்
தூக்கிக்கொண்டு வந்தார். தள்ளிக்கொண்டு அல்ல.

அதன் முதுகில் எங்கள் முத்திரை.
போன ஆண்டு கொடுத்த இருபதில் ஒன்று.
கொடுத்த படத்தில் நானும் இருக்கிறேன்,
இடமிருந்து மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு.

"உட்காருங்கள்" என்றார் தலைவரிடம்.
உட்கார்ந்தார். இடப்பக்கம் சாய்ந்தார்.
நான்கடி தள்ளியதும் முன்சக்கரம் முறுக்கிக்கொண்டு
மேசைக்காலில் மோதித்
தேநீர் கவிழ்ந்தது.

"இது மண்டபம், வழவழப்பான தரை.
எங்கள் மேட்டில் கல்.
இருபதில் பதினொன்று என் கொட்டகையில் தொங்குகின்றன.
டூபே அம்மா வாசல்வரை வருவார்,
வாசலில் நின்று தெருவோடு பேசுவார்.
இன்னும் நாற்காலி வேண்டாம்.
பேரிங் வேண்டும். ட்யூப் வேண்டும்.
ஸ்பேனர் பிடிக்கிற கை, ஒரு சனிக்கிழமைக்கு."

ஆறு நிமிடம்கூட ஆகவில்லை.
கைதட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

எட்டு மணி மின்வெட்டு மட்டும்
இந்த ஊரில் நேரம் தவறுவதில்லை.
இருட்டில், திரைக்குப் பின்னால் தயாராக நின்ற
ஆளுயர அட்டைக் காசோலையை,
'மேலும் இருபது நாற்காலிகளுக்கு',
கோகிலம் செட்டி காலாலேயே
இன்னும் உள்ளே தள்ளியதை நான் பார்த்தேன்.
எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

கைபேசி வெளிச்சத்தில் சோட்வா சக்கரத்தைக் கழற்றினார்.
பேரிங் கைமாறிக் கைமாறி வந்தது,
பிரசாதம்போல, ஆனால்
துடைக்க இடம் தெரியாத பிசுக்கோடு.
பதினொரு வருடமாக "வழிமொழிகிறேன்" தவிர
வாய் திறக்காத டெவராஜ் சொன்னார்:
"அறுநூற்றெட்டு. என் கடையில் ஒரு பெட்டி சும்மா கிடக்கிறது."

பேனாவை வாங்கித் திறந்து
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார் சோட்வா.
எழுதியது.
சமோசாக் காகிதத்தில் கொட்டகைக்கு வழி வரைந்தார்.

வருகிறேன் என்றவர் ஒன்பது. வந்தது ஐந்து.
தலைவர் தேய்த்த வெள்ளைச் சட்டையில், தாமதமாக.
காசோலையும் வந்தது. தரையில் விரித்து
அதன்மேல் சக்கரங்களைப் பிரித்தோம்.
தெறித்த குண்டுகள் சுழியங்களின்மேல் உருண்டன,
எண்ணெய் எங்கள் கையெழுத்தை ஊறிக் குடித்தது.
யாரோ படமெடுத்தார்கள்.
இதிலும் கண்ணை மூடியிருக்கிறேன், மண்ணெண்ணெய் தெறித்து.

ஹம்பனாத்தி என்றால்
'எங்களோடு வா' என்று பொருளாம்.
முப்பது வருடம் அந்தப் பலகையைக் கடந்து
காரில் போயிருக்கிறேன்.

டூபே அம்மா ஏறி உட்கார்ந்து பார்த்தார்.
"சத்தம் போய்விட்டது. கல் போகவில்லை."

அடுத்த மாதப் பேச்சாளர்:
நகராட்சி, சாலைப் பிரிவு.
மூன்று கடிதம் போட்டிருக்கிறேன்.
பேனா வாங்கி வைத்திருக்கிறோம்.